உலோக இறகுகள் – 9: கீலில் நின்ற அலை

சென்ற வாரம் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியரைத் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1946 செப்டம்பர் 27 மாலை. கிடைவாலே இல்லாத அவருடைய டிஎச் 108 விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கியபோது மூக்கு மேலும் கீழுமாக உதறத் தொடங்கியது. சில நொடிகளில் வானத்திலேயே உடைந்து சிதறியது. ஒலி வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று இருக்கிறது, மோதியவன் பிழைக்க மாட்டான் என்று ஏற்கெனவே பேச்சு பரவியிருந்தது. விமானம் கட்டுவதில் பெயர்பெற்ற குடும்பத்துப் பிள்ளையே போய்ச் சேர்ந்தபின் அந்தப் பேச்சை மறுக்க ஆளில்லை.

ஓராண்டு கழித்து இன்னொருவர் அதே வேகத்தை நெருங்கினார். அவருடைய விமானம் சிதறவில்லை. நேர்ந்தது வேறு. மூக்கை உயர்த்துவதற்காகக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை மடிவரை இழுத்தார். விமானம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

*

சக் யேகருக்கு அப்போது வயது 24. மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பக்கத்தில் வளர்ந்தவர், கல்லூரிப் படியேறாதவர். ஐரோப்பியப் போரில் மஸ்டாங் ஓட்டி, 11-க்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்தித் திரும்பியிருந்தார். 1947-இல் அவருக்கு வாய்த்த வேலை, கலிஃபோர்னியாவின் மியூராக் உலர் ஏரியில் பெல் நிறுவனத்தின் எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தை ஓட்டுவது.

அந்த விமானத்தின் உடலுக்கு 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் ஒலியை மிஞ்சிப் போயும் தடுமாறாத பொருள் என்று அன்று சந்தேகமில்லாமல் தெரிந்தது தோட்டா ஒன்றுதான். காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்க்கலாமே என்றால், ஒலி வேகத்தை ஒட்டிய இடத்தில் அன்றைய சுரங்கங்கள் மூச்சுத் திணறிப் போயின. அதிர்வலைகள் சுவரில் பட்டுத் திரும்பி அளவுகளையெல்லாம் குழப்பின. ஆகவே பறந்துதான் பார்க்க வேண்டும்.

நீளம் 31 அடி, இறக்கை முனையிலிருந்து முனைக்கு 28 அடி. ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரியும் நான்கு அறைகள் கொண்ட ராக்கெட் எஞ்சின். முழு வேகத்தில் எரித்தால் இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலி. தரையிலிருந்து கிளம்பி அதை வீணாக்க முடியாது என்பதால் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் மாட்டி மேலே கொண்டுபோய் விடுவார்கள். யேகர் ஏணியில் இறங்கி உள்ளே நுழைவார். வலப்பக்கத்தில் ஒரு கதவு. அவசரத்தில் அதன் வழியே குதித்தால் பின்னாலேயே கூரான இறக்கை. வெளியே எறியும் இருக்கை கிடையாது. முதுகுப்பக்கம் மைனஸ் 183 டிகிரியில் ஆக்சிஜன் இருப்பதால் கண்ணாடியில் பனி படியும். அதற்கு டிரீன் என்ற ஷாம்புவைத் தடவினார்கள் என்று யேகர் எழுதியிருக்கிறார். உலகிலேயே முன்னேறிய விமானத்துக்குக் கடைச் சரக்குதான் கைகொடுத்திருக்கிறது!

ஒவ்வொரு முறையும் சற்றே கூடுதல் வேகம். மாக் 0.86-இல், அதாவது ஒலி வேகத்தில் 86 சதவீதத்தில், விமானம் உலுக்கத் தொடங்கியது. அது எதிர்பார்த்ததுதான், எக்ஸ்-1-ஐ 18 ஜி தாங்கும்படி கட்டியிருந்தார்கள். ஆனால் 1947 அக்டோபரில் மாக் 0.94-ஐ எட்டிய நாளில்தான் அந்தச் சக்கரம் செத்துப்போனது. இழுத்தார், தள்ளினார். மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. எஞ்சினை அணைத்தார், மிச்ச எரிபொருளை வெளியேற்றினார், வேகம் குறைந்து பிடி திரும்பியதும் தரையிறங்கினார்.

ஒலி வேகத்தைத் தாண்டும்போது மூக்கு தானாக மேலோ கீழோ திரும்பும் என்று பொறியாளர்கள் கணித்திருந்தார்கள். எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. திரும்பினால் அடக்க ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடிதான் இப்போது இல்லை. தன் பறத்தல் இத்தோடு முடிந்தது, திட்டமும் முடிந்தது என்றுதான் யேகர் நினைத்தார்.

*

என்ன நடந்தது? கொஞ்சம் நின்று வாலைப் பார்த்துவிடுவோம். இந்தத் தொடரில் எஞ்சினுக்கு நான் ஒதுக்கிய பக்கங்கள் அதிகம் என்று சில வாசகர்கள் குறைப்பட்டதும் நியாயம்தான்.

அக்கால விமானங்களின் வாலில் கிடையாகக் கிடந்த பலகைக்கு இரண்டு பகுதிகள். முன்பகுதி பறக்கையில் அசையாமல் நிற்கும் கிடைவால். அதன் பின்விளிம்பில் கீல் போட்டு மாட்டிய பட்டை எலிவேட்டர். விமானி கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தால் எலிவேட்டர் மேலே மடியும், காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு மேலே எழும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எலிவேட்டர் சின்னப் பட்டை. அது மட்டும் தனியாக உழைத்துப் பெரிய விமானத்தைத் திருப்பிவிட முடியாது. பட்டை மடிந்ததும் அதற்கு முன்னால் இருக்கும் கிடைவால் முழுவதிலும் காற்றின் அழுத்தம் மாறுகிறது. கூட்டாகக் கிடைக்கும் அந்த விசைதான் வேலையைச் செய்கிறது. அழுத்த மாற்றம் என்ற இந்தச் சேதி பின்விளிம்பிலிருந்து காற்றோட்டத்தை எதிர்த்து முன்னே போயாக வேண்டும். போகும் வேகம் ஒலியின் வேகம்.

இப்போது சிக்கல் புரியும். விமானம் மாக் 0.94-இல் போகும்போது, வளைந்த பரப்பின் மேல் வழுக்கி ஓடும் காற்று அதைவிட வேகம் பிடித்து, சில இடங்களில் ஒலியை மிஞ்சிவிடுகிறது. மிஞ்சிய காற்று மறுபடி வேகம் குறையும் இடத்தில் ஓர் அதிர்வலை எழுந்து நிற்கும். வேகம் கூடக் கூட அந்த அலை பின்னோக்கி நகரும். எக்ஸ்-1-இன் வாலில் அது நகர்ந்து வந்து சரியாக எலிவேட்டரின் கீல்மேல் நின்றுகொண்டது. அதைத் தாண்டிச் சேதி முன்னே போக வழியில்லை. மதிலுக்கு அந்தப்புறம் நின்று இந்தப்புறம் இருப்பவருக்கு விசிறி வீசிய கணக்குதான். எலிவேட்டர் ஆடியது, கிடைவாலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

உலகம் வானத்தில் தேடிய சுவர், வாலில் ஒரு கீலின் மேல் நின்றுகொண்டிருந்தது.

*

யேகரைக் காப்பாற்றியவர் ஜாக் ரிட்லி. ஒக்லஹோமாக்காரர், விமானி, கால்டெக்கில் படித்த பொறியாளர். யேகருக்குப் புரியாத கணக்கை யேகருக்குப் புரியும் பேச்சில் சொல்லத் தெரிந்தவர். அன்று இரவு அவர் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி சொன்னார். எலிவேட்டரை மறந்துவிடலாம். கிடைவாலையே அசைப்போம்.

அதற்கான வசதி எக்ஸ்-1-இல் முன்பே இருந்தது. இன்றைய நாசாவுக்கு முன்னோடியான என்ஏசிஏ ஆய்வாளர்கள் வடிவமைப்பின்போதே இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். வால், இறக்கையைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்வலையில் மாட்டாது. யேகரின் விமானத்தில் இறக்கையின் தடிமன் அதன் அகலத்தில் 8 சதவீதம், கிடைவாலில் 6 சதவீதம். இரண்டாவது நிபந்தனை, கிடைவால் முழுவதும் பறக்கும்போதே சாயக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு சுவிட்சை அழுத்தினால் திருகு ஜாக்கி சுழன்று கிடைவாலைச் சிறிது சிறிதாகச் சாய்க்கும். சமநிலை சரிசெய்யத்தான் அது. அதைக் கொண்டே விமானத்தை ஓட்டிவிடலாம் என்றார் ரிட்லி. கால் டிகிரி, மூன்றில் ஒரு டிகிரி அசைத்தாலே போதும் என்பது அவர் கணக்கு. கிடைவால் முழுவதுமே அசைந்தால் கீலில் நிற்கும் அலையைத் தாண்டி எந்தச் சேதியும் போக வேண்டியதில்லை.

இங்கே ஆங்கிலேயர்கள் குறுக்கிடுவார்கள். குறுக்கிட அவர்களுக்கு உரிமையும் உண்டு. ரெடிங் நகருக்கு அருகே மைல்ஸ் நிறுவனம் 1943 முதல் எம்.52 என்ற விமானத்தை ஒலியை மிஞ்சுவதற்கென்றே வரைந்துகொண்டிருந்தது. அதன் கிடைவால் முழுவதும் அசையும். அந்த வாலை ஒரு ஸ்பிட்ஃபயரில் மாட்டிப் பறந்தும் பார்த்துவிட்டார்கள். 1946 பிப்ரவரியில், பாதிக்குமேல் வேலை முடிந்த நிலையில், பிரிட்டிஷ் அரசு திட்டத்தை ரத்து செய்தது. மனிதரை ஏற்றி இதைச் சோதிப்பது ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1944-இல் வந்து பார்த்துவிட்டுப் போன அமெரிக்கர்கள் எங்கள் வாலை எடுத்துக்கொண்டார்கள் என்பது மைல்ஸ்காரர்களின் தீராத மனக்குறை. தாங்களே யோசித்தது என்பது அமெரிக்கர்களின் பதில்.

முழுதும் அசையும் வால் என்பதே 1915-இல் ஃபோக்கர் போர்விமானங்களில் இருந்ததுதான். துள்ளலாக இருக்கிறது, விமானிக்கு ஓய்வில்லை என்று பிறகு கைவிட்டார்கள். ஆகவே வால் யாருடையது என்ற சண்டையில் எனக்கு ருசியில்லை. அது எதற்கு வேண்டும் என்று அட்லாண்டிக்கின் இரு கரையிலும் சிலர் புரிந்துகொண்டார்கள். ஒரு கரையில் விமானத்தைக் கட்டி முடித்தார்கள், மறுகரையில் முடிக்கவில்லை. 1948 அக்டோபரில், எம்.52-இன் சிறிய ராக்கெட் மாதிரி ஒன்று ஆளில்லாமல் மாக் 1.38 வரை போனது. சரியான வரைபடம்தான் என்று தெரிந்தபோது அதற்கு ஓராண்டு தாமதம்.

*

அக்டோபர் 14 செவ்வாய்க்கிழமை அடுத்த பறத்தல். அதற்கு இரண்டு நாள் முன், ஞாயிறு இரவு, பாஞ்சோ பார்ன்ஸ் அம்மாள் நடத்திய பண்ணை விடுதியில் சாப்பிட்டுவிட்டு யேகர் மனைவி கிளெனிஸுடன் குதிரைச் சவாரி போனார். இருட்டில் மூடிக் கிடந்த வேலிக்கதவு கண்ணில் படவில்லை. குதிரை மோத, யேகர் தூக்கியெறியப்பட்டார். வலப்பக்க விலா எலும்பு இரண்டு முறிந்தது.

படை மருத்துவரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு மருத்துவரைப் பார்த்து இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டார். ரிட்லியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். பறப்பதில் தடையில்லை, தடை அந்த வலப்பக்கக் கதவு. அதைப் பூட்டும் நெம்புகோலை வலக்கையால் அழுத்த விலா விடாது, இடக்கை எட்டாது. ரிட்லி சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு துடைப்பக் கம்பில் பத்து அங்குலம் அறுத்துக் கொடுத்தார். செவ்வாய் காலை அந்தக் கம்பை இடக்கையில் பிடித்து நெம்பி யேகர் கதவைப் பூட்டினார்.

10.26-க்கு பி-29 அவரை விட்டது. நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து மேலேறினார். பிறகு இரண்டை அணைத்துவிட்டு, ரிட்லியின் சுவிட்சைச் சோதித்தார். மாக் 0.83, 0.88, 0.92. ஒவ்வொரு வேகத்திலும் கிடைவாலை இம்மியளவு அசைத்துப் பார்த்தார். விமானம் பேச்சைக் கேட்டது. 40,000 அடிக்குமேல் மட்டமாக்கி மூன்றாவது அறையைப் பற்றவைத்தார். மாக் 0.96-இல் உலுக்கல் அடங்கத் தொடங்கியது. வேகம் கூடக் கூடச் சவாரி மென்மையானது. மாக்மீட்டரில் எண்கள் 1.0-வோடு முடிந்திருந்தன, முள் சற்றே தள்ளாடி, எண்ணில்லாத பக்கம் சாய்ந்து நின்றது.

மாக் 1.06, உயரம் 43,000 அடி, மணிக்கு ஏறத்தாழ 700 மைல். தரையில் இருந்தவர்கள் தூரத்து இடிபோல ஓர் ஓசை கேட்டார்கள்.

கொண்டாட்டம் இல்லை. அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் ரகசியம் ஆக்கிவிட்டார்கள். டிசம்பரில் ஏவியேஷன் வீக் இதழ் செய்தியை உடைத்தது. அரசு 1948 ஜூனில்தான் ஒப்புக்கொண்டது. அப்போதும் ஊரார் பேசியது ராக்கெட்டை, தோட்டா உடலை, யேகரின் துணிச்சலை. வாலைப் பற்றிப் பேச்சே இல்லை. அதுதான் ராணுவத்துக்கும் வசதியாக இருந்தது.

*

மூன்று ஆண்டு கழித்துக் கொரியப் போர். யாலு ஆற்றங்கரை வானம். 1950 நவம்பரில் சோவியத் மிக்-15 அங்கே தலைகாட்டியதும் அமெரிக்கர்களுக்குத் தூக்கம் போனது. அமெரிக்கர்களின் சேபர் போர்விமானத்தைவிட இலகுவானது, வேகமாக மேலேறும், சேபர் எட்டாத உயரத்தில் நின்று கீழே வேடிக்கை பார்க்கும். டிசம்பரில் எஃப்-86ஏ சேபர்கள் வந்து சேர்ந்தன. இரண்டுக்குமே பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. கீழ்நோக்கிய பாய்ச்சலில் ஒலி வேகத்தை நெருங்கினால் இரண்டிலுமே எலிவேட்டர் மந்தமாகும், கோல் கனக்கும்.

1951-இல் எஃப்-86இ வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே சேபர். வால் மட்டும் வேறு. கிடைவாலும் எலிவேட்டரும் பிணைக்கப்பட்டு, கோலை அசைத்தால் இரண்டும் சேர்ந்தே அசைந்தன. எக்ஸ்-1-இல் சுவிட்சைத் தட்டித் தட்டி மெல்லச் சாய்த்ததை, சண்டையில் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யவேண்டும். அவ்வளவு பெரிய பரப்பை அந்த வேகத்துக் காற்றில் மனிதக் கை திருப்பாது. எனவே ஹைட்ராலிக் எண்ணெயழுத்தம்தான் வாலைத் தள்ளியது. இதில் ஒரு புதுத் தொல்லை. விமானியின் கைக்கும் வாலுக்கும் நேரடித் தொடர்பு அறுந்துவிட்டதால் காற்று எவ்வளவு எதிர்க்கிறது என்று கை அறியாது. தெரியாமல் அளவுக்கு மீறி இழுத்து விமானத்தையே ஒடித்துவிடலாம். அதனால் ஸ்பிரிங்குகளும் எடைகளும் வைத்து, கோலுக்குப் பொய்யாக ஒரு கனத்தை உண்டாக்கினார்கள். கையை ஏமாற்றும் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் இன்றைய போர்விமானங்கள் வரை தொடர்கிறது. வடிவமைப்பாளர்கள் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

மிக்-15-இன் கிடைவால் நிமிர்வாலின் உயரத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. எலிவேட்டரை விமானியின் தோள்வலு ஆட்டியது. மாக் 0.92-ஐத் தொட்டால் வேகத்தடைகள் தாமாகவே விரியும். சேபர் விமானிகள் பாய்ச்சலில் தப்பினார்கள், பாய்ச்சலில் பிடித்தார்கள். சேபரின் வெற்றிக்கு வால் ஒன்றே காரணம் என்று சிலர் எழுதுவது மிகை. பயிற்சிக்கும் ராடார் குறிபார்ப்புக் கருவிக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் ஒலியை நெருங்கும் பாய்ச்சலில் யார் கையில் பிடி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. இதே வால்தான் 1965-இல் நம் நாட்டு வானத்துக்கும் வந்தது, பாகிஸ்தானின் எஃப்-86எஃப் சேபர்களில். எதிர்த்து நின்ற நம் ‘நாட்’ (Gnat) போர்விமானத்துக்கும் முழுதும் அசையும் வால்.

இதையெல்லாம் காகிதத்தில் ஊகிக்கலாம். நிச்சயமாகத் தெரிய ஒரு மிக் வேண்டும். உயிரோடு, ஓட்டும் நிலையில் ஒரு மிக். கொண்டுவருபவருக்கு 100,000 டாலர் என்று அமெரிக்கா அறிவித்தது. போர் முடியும்வரை ஒருவரும் வரவில்லை.

போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, 1953 செப்டம்பர் 21 காலை, தென்கொரியாவின் கிம்போ தளத்தில் ஒரு மிக்-15 ஓடுபாதையின் தவறான திசையிலிருந்து வந்து இறங்கியது. ஓட்டியவர் நோ கும்-சோக், வயது 21. பரிசைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஒகினாவாவில் அந்த மிக்கை ஓட்டிப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் யேகர். வெகு உயரத்துக்குக் கொண்டுபோய்ச் செங்குத்தாகப் பாய்ச்சினார். மாக் 0.98-ஐ ஒட்டியதும் கோல் செத்துப்போனது. ஆறு ஆண்டு முன் மியூராக்கில் செத்த அதே பிடி. கீழே அடர்ந்த காற்றுக்கு வந்தபின்தான் விமானம் அவர் கைக்குத் திரும்பியது.

*

அப்படியானால் வெற்றிதானே? நார்த் அமெரிக்கன் நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. அடுத்த விமானமான எஃப்-100 சூப்பர் சேபரில் எலிவேட்டரை அடியோடு ஒழித்தார்கள். கீலே இல்லாத ஒற்றைப் பலகை, உடலின் அடிப்பகுதியில். 1953 மே 25-இல் முதன்முதலாகக் கிளம்பியது. அந்த முதல் பறத்தலிலேயே, மட்டமான பாதையில், ஒலியை மிஞ்சியது.

ஓட்டியவர் ஜார்ஜ் வெல்ச். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட காலையில் உறக்கமில்லாமல் ஓடிப்போய் பி-40 ஒன்றில் ஏறி நான்கு ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியவர். யேகருக்கு முன்பே, சேபரின் முதல் மாதிரியில், இவர்தான் ஒலியை மிஞ்சினார் என்றொரு கதை உண்டு. கருவிப் பதிவு எதுவும் இல்லை என்பதால் நான் அதை ஏற்கவில்லை. செய்யக்கூடியவர் என்பதை மட்டும் ஏற்கிறேன்.

கிடைவாலில் இவ்வளவு கவனம் வைத்தவர்கள் அதன்மேல் நிமிர்ந்து நின்ற இன்னொரு வாலில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். முதல் மாதிரியில் உயரமாக இருந்த நிமிர்வாலை, தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டிய விமானங்களில் குட்டையாக்கினார்கள். விமானப்படையின் சோதனை விமானிகளுக்கு அந்த விமானத்தின் திசைநிலைப்பில் திருப்தியில்லை. உற்பத்தி நிற்கவில்லை.

1954 அக்டோபர் 12. வெல்ச் ஒரு புதிய எஃப்-100ஏ-வை வெகு உயரத்துக்குக் கொண்டுபோனார். ஒலியை மிஞ்சிய பாய்ச்சலிலிருந்து முழு பலத்தோடு மூக்கை உயர்த்திக் காட்டுவது அன்றைய சோதனை. சாய்த்தார், வேகம் ஏறியது, கோலை இழுத்தார். கிடைவால் சொன்னபடி கேட்டது. மூக்கு எழத் தொடங்கியது.

பிறகு அது எழுவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பியது.

(தொடரும்)